இரு பத்திக் கணக்கு

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில், விடியற்காலை நாலே முக்கால் மணிக்கு ஒரு வீட்டின் கம்பிக்கதவு ஓசைபடாமல் திறக்கும். 66 வயதுப் பெரியவர் ஒருவர் தமது மிதிவண்டியை மெல்ல வெளியே கொண்டுவருவார். தலையில் கவசம், வண்டியின் பின்புறம் சிவப்பு விளக்கு, கைப்பிடியின் நடுவே உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு திரை. வண்டியைச் சுவரில் சாய்த்து, மிதிகட்டையில் கால் படாமல் நின்று, அந்தத் திரையின் பொத்தானை அழுத்துவார். திரையில் பூஜ்யம் தோன்றும். காய்கறிக் கடைக்காரர் எடை போடுவதற்கு முன் தராசின் வெறுந்தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்ப்பாரே, அதைப் போன்றதொரு செயல் அது. அதன் பிறகே ஏறி அமர்வார்.

திருவானைக்கோவிலைக் கடந்து, காவிரியின் கரையோடு வாழைத்தோப்புகளுக்கு நடுவே உத்தமர்சீலி வழியாகக் கல்லணை வரை சென்று திரும்புவது அவரது நியமம். போகவர முப்பது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். வாரத்தில் நான்கு நாள்கள். அவர் வீடு திரும்பும் வேளையில் மனைவி கோயிலிலிருந்து வந்து காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருப்பார். காபி குடிக்கும் முன் பெரியவர் நீளமான கணக்கு நோட்டு ஒன்றைத் திறந்து, அன்றைய தேதியை இட்டுச் சில எண்களை எழுதுவார். அந்த நோட்டு அவரைச் சென்ற ஆண்டு ஒரு பெரிய ஆபத்திலிருந்து காத்தது. அந்த ஆபத்தை அவருக்குத் தேடித் தந்ததும் அதே நோட்டுதான்.

மிதிவண்டி அவருக்குப் புதியதன்று. பள்ளிப் பருவத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரிய வண்டியில் குரங்குப் பெடல் அடித்துக் கற்றுக்கொண்டவர். வங்கியில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில், பேருந்து போகாத ஒரு கிராமக் கிளைக்கு நாள்தோறும் மிதிவண்டியில் சென்று வந்தவர். பின்னர் ஸ்கூட்டர் வந்தது, பதவி உயர்வு வந்தது, கார் வந்தது, கூடவே சர்க்கரையும் எட்டிப் பார்த்தது. 36 ஆண்டுப் பணியின் கடைசி ஒன்பது ஆண்டுகள் அவர் கிளைகளின் கணக்குகளைச் சரிபார்க்கும் ஆய்வு அதிகாரியாக இருந்தார். எந்தக் கிளைக்குச் சென்றாலும் இளைய அலுவலர்களிடம் ஒன்றைச் சொல்லத் தவறமாட்டார்: “ஒரு பத்தியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். வரவுப் பத்தி அழகாகத்தான் இருக்கும். எதிர்ப் பத்தியையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.”

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, பெங்களூரில் பணியாற்றும் மகன் கியர் வைத்த மிதிவண்டி ஒன்றை வாங்கித் தந்தார். சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்தது, தூக்கம் நன்றாக வந்தது. 65-ஆம் பிறந்த நாளுக்கு அதே மகன் அனுப்பிய பரிசுதான் திறன்மானி. பவர் மீட்டர் என்று சொல்வார்கள். மிதிகட்டையைத் தாங்கும் இரும்புத் தண்டு போன்ற பகுதிக்கு கிராங்க் என்று பெயர். பெரியவரின் வண்டியில் இடப்பக்கத்துக் கிராங்கின் உட்புறம் அந்தக் கருவி ஒட்டப்பட்டிருக்கிறது. நாம் மிதிக்கும்போது எத்தனை உறுதியான உலோகமும் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவில் ஒரு மெல்லிய உலோகத் தகட்டின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு எவ்வளவு விசையோடு மிதிக்கிறோம் என்பதையும், நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறோம் என்பதையும் கணக்கிட்டு, கால்கள் தரும் திறனை வாட் அளவில் கருவி திரையில் காட்டுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக் ஷோபரர் என்னும் பொறியாளர் 1986-இல் இத்தகைய கருவியை மிதிவண்டிக்கென உருவாக்கினார். முதலில் பந்தய வீரர்களிடம் மட்டுமே இருந்த அது இன்று பொழுதுபோக்காக ஓட்டுபவர்களையும் எட்டியிருக்கிறது.

வேகத்தைக் காட்டும் கருவி இருக்கும்போது இது எதற்கு என்று மனைவி கேட்டார். பெரியவருக்கும் முதலில் அந்த ஐயம் இருந்தது. கல்லணைச் சாலைதான் அதற்கு விடை தந்தது. அந்தச் சாலை கிழக்கு நோக்கிச் செல்வது. மேற்கிலிருந்து காற்று வீசும் நாளில் போகும்போது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி பறக்கும். திரும்பும்போது அதே காற்று மார்பில் மோதி, வேகம் 16-க்கு இறங்கிவிடும். போகும்போது வாலிபனாகவும் வரும்போது கிழவனாகவும் தோன்றும். ஆனால் திறன்மானியைப் பார்த்தால் இரு வழியிலும் 95 வாட்தான். கூடிக் குறைந்தது காற்றே தவிர அவருடைய உழைப்பன்று. வேகம் என்பது ஊரும் காற்றும் சாலையும் சேர்ந்து சொல்லும் பேச்சு. வாட் என்பது கால்கள் மட்டும் தரும் வாக்குமூலம். கணக்கிலேயே வாழ்ந்த மனிதருக்கு அந்த நேர்மை மிகவும் பிடித்துப்போயிற்று.

95 வாட் என்றால் பெரிய அளவு என்று எண்ண வேண்டாம். முன்பெல்லாம் வீடுகளில் எரிந்த 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவைக்கவும் அது சற்றுப் போதாது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். இதைக் கேட்ட பேரன், “தாத்தா, நீங்க ஒரு குதிரையில எட்டுல ஒரு பங்கு” என்று சிரித்தான். பெரியவரும் சிரித்தார். ஆனால் அந்த எண்ணைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்னும் ஆசை அன்றே மனத்தில் விதையூன்றிவிட்டது.

இக்கருவியைப் பயன்படுத்துவோர் முதலில் ஒரு சோதனை செய்வது வழக்கம். நன்றாக உடலைச் சூடேற்றிக்கொண்டு, 20 நிமிடம் தாங்கக்கூடிய முழு முயற்சியோடு ஓட்ட வேண்டும். அதன் சராசரித் திறனில் 95 விழுக்காட்டை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லைத் திறன் கிடைக்கும். பெரியவர் இதைத் தமக்குத் தெரிந்த மொழியில் புரிந்துகொண்டார். எல்லைத் திறன் என்பது மாதாமாதம் வரும் ஓய்வூதியம். அதற்குள் செலவழித்தால் காலத்துக்கும் ஓடும். அதற்கு மேல் செலவழிப்பது சேமிப்பிலிருந்து எடுப்பது. எடுக்கலாம், ஆனால் சிறிது நேரத்திற்குத்தான். எடுத்ததைத் திரும்பச் சேர்க்க ஓய்வு கொடுக்க வேண்டும்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொண்டு, அவர் அனுமதித்த பின்னரே பெரியவர் சோதனையில் இறங்கினார். 20 நிமிடச் சராசரி 148 வாட். எல்லைத் திறன் 141. உடனே புதிய நோட்டு ஒன்று வாங்கி, கோடு கிழித்து, தேதி, தூரம், சராசரித் திறன், சராசரி நாடித் துடிப்பு என்று நான்கு பத்திகள் அமைத்தார். நாடித் துடிப்புக்கு மார்பில் கட்டும் பட்டையையும் மகன் சேர்த்து அனுப்பியிருந்தார். 95 வாட்டில் சீராக ஓட்டினால் நிமிடத்துக்கு 110 துடிப்பு என்பது அந்த மாதத்துப் பதிவு.

சித்திரையில் மீண்டும் சோதித்தார். 151 வாட் வந்தது. எல்லைத் திறன் 143. வெறும் இரண்டு வாட்தான் கூடியிருந்தது. எனினும் 30 வயதைக் கடந்த பின் உடலின் உச்சத் திறன் பத்தாண்டுக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு குறையும் என்று படித்திருந்தவருக்கு, அந்த இரண்டு வாட் காலத்தையே வென்றது போன்ற மகிழ்ச்சியைத் தந்தது. ஞாயிறுதோறும் கல்லணைக்கு வரும் இளைஞர் குழுவினர் அவரைச் சூழ்ந்துகொண்டு, “சார், உங்க வயசுல எங்களால இதுல பாதி முடியுமான்னு தெரியல” என்றார்கள். அவர்கள் மரியாதைக்காகச் சொன்னது அது. அவரோ அதைக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்.

ஆனி மாதத் தொடக்கத்தில் இடது முழங்காலில் வலி கண்டது. உடனே திரையில் எண் சரிந்தது. அதற்கொரு காரணம் உண்டு. அவரது கருவி இடக்காலின் திறனை மட்டுமே அளந்து, அதை இரட்டித்து மொத்தமாகக் காட்டும் வகையைச் சேர்ந்தது. இரு கால்களும் சமமாக உழைக்கும்வரை அதில் பிழையில்லை. இடக்கால் நோகும்போது அந்தக் காலின் குறைவு இரண்டு மடங்காகத் திரையில் தெரியும். இது அவருக்குத் தெரியாததன்று. ஆனாலும் 95 இருக்க வேண்டிய இடத்தில் 84-ஐயும் 82-ஐயும் காண மனம் பொறுக்கவில்லை. ஒரு மாதம் ஓய்வு கொடுத்திருக்கலாம். மருத்துவரைப் பார்த்திருக்கலாம். அவர் செய்தது, தெருமுனை மருந்துக் கடையில் வலிக்கு மாத்திரை கேட்டதுதான்.

மாத்திரை வேலை செய்தது. விடியற்காலையில் வண்டியை எடுப்பதற்கு அரை மணி முன்பு, வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. இரவு படுக்கும் முன் இன்னொன்று. வலி மறைந்தது. திரையில் 95 மீண்டும் நின்றது. மனைவி ஒரு நாள் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, “என்னங்க, இது யார் எழுதிக் கொடுத்தது?” என்று கேட்டபோது, “சும்மா நாலு நாளைக்கு” என்று சொல்லி அட்டையை அலமாரியில் வைத்துவிட்டார். அந்த நாலு நாள் ஏழு வாரமாயிற்று.

ஆடி பிறந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேட்டூரிலிருந்து வந்த நீர் காவிரியில் கரை தொட்டு ஓடிற்று. பெரியவர் காற்றுக்கு அஞ்சாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். நோட்டின் மூன்றாவது பத்தியில் 95, 96, 95 என்று எண்கள் ஒழுங்காக அணிவகுத்தன. நான்காவது பத்தியில் மட்டும் வேறொரு கதை நடந்தது. ஆனியின் நடுவில் 112 ஆக இருந்த துடிப்பு, ஆனி முடிவில் 117 ஆயிற்று. ஆடி முதல் வாரம் 122. மூன்றாம் வாரம் 131. அதே சாலை, அதே மனிதர், அதே 95 வாட். ஆனால் அந்த 95 வாட்டைத் தருவதற்கு இதயம் நிமிடத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட தடவைகள் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருந்தது.

அவர் அதை எழுதினார். தம் கையாலேயே, தெளிவான எழுத்தில் எழுதினார். ஆனால் படிக்கவில்லை. முதலில் காற்றின் மேல் பழி போட்டார். காற்று கூடினால் வேகம் குறையுமே தவிர, திறன் அதேயளவு இருக்கும்போது துடிப்பு ஏற வேண்டியதில்லை என்பதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவரே அவர்தான். பிறகு புழுக்கத்தைச் சொன்னார். பிறகு தூக்கக் குறைவைச் சொன்னார். மூன்றாவது பத்தி சரியாக இருக்கிறதல்லவா என்பதே அவருடைய சமாதானம்.

முதலில் கண்டுகொண்டவர் மனைவிதான். ஆடிப் பெருக்கன்று ஆற்றங்கரைக்குச் சென்று திரும்பும்போது, வழக்கமாக இரண்டு படிகளாக ஏறுகிறவர் நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினார். அவர் முகம் வெளுத்திருந்ததை மனைவி பகல் வெளிச்சத்தில் அன்றுதான் நன்றாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். கணக்கு வழக்கு அறியாதவர் என்று எவரும் அவரைச் சொல்ல முடியாது. 40 ஆண்டுகள் வீட்டுச் செலவை எழுதியவர். விரலை நான்காவது பத்தியில் வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார். “இது ஏன் ஏறிக்கிட்டே போகுது?” என்று கேட்டார்.

பெரியவரிடம் பதில் இல்லை. அன்று மாலையே இருவரும் மருத்துவரிடம் சென்றார்கள். நோட்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

மருத்துவர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு மலம் தார் போலக் கறுத்துப் போயிற்றா என்று கேட்டார். சில வாரங்களாக அப்படித்தான் என்றும், தாம் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் பெரியவர் தயங்கியபடி ஒப்புக்கொண்டார். தை மாதத்தில் 13.6 ஆக இருந்த ஹீமோகுளோபின் 8.9 ஆகக் குறைந்திருந்தது. உள்நோக்குக் குழாய் செலுத்திப் பார்த்ததில் இரைப்பையில் புண் தெரிந்தது. அதிலிருந்து இரத்தம் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டிருந்தது. வலி மாத்திரைகளுக்கு இரைப்பையின் உட்பூச்சைக் காக்கும் இயற்கை ஏற்பாட்டைக் கெடுக்கும் தன்மை உண்டு. வயதானவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். வலியை மறைக்கும் மாத்திரையே புண்ணின் வலியையும் மறைத்துவிடுவதால், பலருக்கு நெடுநாள் எதுவும் தெரிவதில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள் குறையும்போது, அதே வேலைக்கு இதயம் வேகமாக ஓடி ஈடு செய்கிறது. நோட்டின் நான்காவது பத்தியில் ஏறியது அந்த ஓட்டம்தான்.

மருத்துவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், இரத்தம் எப்போ குறைய ஆரம்பிச்சுதுன்னு யாருமே சொல்ல முடியாது. உங்க நோட்டைப் பார்த்தா வாரத்தையே சொல்லிடலாம். ஆறு வாரமா இது உங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு.”

அந்தச் சொற்கள் பெரியவரைச் சுட்டன. அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. ஆய்வுக்குச் சென்ற நாள்களில் அவர் பல கிளைகளில் கண்ட ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. மார்ச் 31 அன்று இலக்கை எட்டுவதற்காக, தெரிந்த வாடிக்கையாளர் ஒருவரிடம் கெஞ்சி ஒரு பெருந்தொகையை வைப்பில் போடச் செய்வார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் அது வந்த வழியே போய்விடும். அந்த ஒரு நாள் கணக்கில் கிளை செழிப்பாகத் தெரியும். அத்தகைய கணக்கைக் கண்டால் சிவப்பு மையால் குறிப்பெழுதி மேலாளரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர் அவர். அதே வேலையைத் தம் முழங்காலில் தாமே செய்திருக்கிறார். வலி என்பது உண்மையான கணக்கு. அதை மாத்திரையால் மூடி, 95 என்னும் எண்ணைச் செழிப்பாகக் காட்டினார். யாருக்குக் காட்டினார்? மேலிடம் இல்லை, இலக்கு இல்லை, பதவி உயர்வும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இளைஞர்களின் ஒரு பாராட்டும், தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட ஒரு பொய்யும் தவிர வேறொன்றும் இல்லை.

வலி மாத்திரை நின்றது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் இரும்புச் சத்து மாத்திரையும் தொடர்ந்தன. முழங்காலுக்கு முடநீக்கியல் பயிற்சி நிபுணர் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிகளைக் கற்றுத் தந்தார். இருக்கையைச் சிறிது உயர்த்தினாலே முழங்காலின் சுமை குறையும் என்றும் காட்டிக் கொடுத்தார். ஏழு வாரம் மாத்திரை விழுங்கிய வலிக்கு, பெரும்பாலும் ஓர் அங்குல உயரமே மருந்தாக இருந்தது. நான்கு மாதங்களுக்கு மேல் மிதிவண்டி திண்ணையில் நின்றது.

அந்த மாதங்களில் பெரியவர் ராபர்ட் மர்ஷான் என்னும் பிரெஞ்சுக்காரரைப் பற்றிப் படித்தார். 1911-இல் பிறந்தவர். தீயணைப்பு வீரராகவும், வெனிசுவேலாவில் லாரி ஓட்டுநராகவும், கனடாவில் மரம் வெட்டுபவராகவும் உழைத்தவர். இளமையில் விட்ட மிதிவண்டியை 67 வயதில்தான் மீண்டும் முறையாகக் கையில் எடுத்தார். 100 வயதைக் கடந்தவர்களுக்கான பிரிவில், ஒரு மணி நேரத்தில் ஓட்டக்கூடிய தூரத்துக்கான சாதனையை 2012-இல் படைத்தார். அன்று அவர் ஓட்டியது 24 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

வெரோனிக் பில்லா என்னும் உடலியல் பேராசிரியர் அவருக்கு இரண்டாண்டுப் பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தார். ஆண்டுக்குச் சுமார் 5,000 கிலோமீட்டர். அதில் 80 விழுக்காடு எளிதாக, 20 விழுக்காடு கடினமாக. எது எளிது, எது கடினம் என்பதை அளக்கக் கருவி எதுவும் இல்லை. உடலின் உணர்வே அளவுகோல். ஆறு முதல் இருபது வரை எண்ணிட்ட ஓர் அளவீட்டில், எளிய நாள் 12-இலும் கடின நாள் 15-இலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 101 வயதிலும் 103 வயதிலும் ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தபோது, அவரது உச்சத் திறன் 90 வாட்டிலிருந்து 125 வாட்டாக உயர்ந்திருந்தது. 2014-இல் ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் ஓட்டித் தம் சாதனையைத் தாமே முறியடித்தார்.

பெரியவரின் மனத்தில் பதிந்தது இந்த ஏற்றமன்று, அடுத்து வந்த இறக்கம். 2017 ஜனவரியில் 105-ஆம் வயதில் மர்ஷான் மீண்டும் ஓடுதளத்துக்கு வந்தார். அன்று ஓடிய தூரம் 22.547 கிலோமீட்டர். மூன்றாண்டுக்கு முன்பு இருந்ததைவிட நான்கு கிலோமீட்டருக்கு மேல் குறைவு. பார்வையாளர்களின் முன்னிலையில் அதை மகிழ்ச்சியோடு ஓட்டி முடித்தார். தாம் வெற்றி வீரராக வரவில்லை, 105 வயதிலும் மிதிவண்டி ஓட்ட முடியும் என்று காட்டவே வந்ததாகக் கூறினார். 2021-இல் 109-ஆம் வயதில் காலமானார்.

எண் ஏறுவதும் ஒரு பருவம், இறங்குவதும் ஒரு பருவம். 101-இலிருந்து 103 வரை ஏற முடிந்த மனிதருக்கும் 105-இல் இறக்கம் வந்தது. இறங்கிய எண்ணையும் எல்லோர் முன்னிலையிலும் ஒளிக்காமல் வைக்க முடிந்ததே அவரது பெருமை என்று பெரியவருக்குத் தோன்றிற்று.

கார்த்திகை முடிவில் ஹீமோகுளோபின் 13-ஐத் தொட்டது. மருத்துவர் அனுமதித்தார். மார்கழிப் பனியில் பெரியவர் மீண்டும் வண்டியை வெளியே எடுத்தார். முதல் இரண்டு வாரங்கள் உத்தமர்சீலி வரைதான். தை மாதத்தில் 20 நிமிடச் சோதனை. 138 வாட். எல்லைத் திறன் 131. சென்ற ஆண்டைவிடப் பத்து குறைவு. அந்த எண்ணை நோட்டில் எழுதும்போது கை சிறிது தயங்கியது உண்மை. எழுதினார். அதற்குக் கீழே நேர்க்கோடு இழுத்து, 95 வாட்டில் 112 துடிப்பு என்பதையும் எழுதினார். எதிர்ப் பத்தி ஒப்புக்கொண்டது. கணக்கு நேராயிற்று.

இப்போது அவர் திறன்மானியைப் பயன்படுத்தும் விதமே மாறிவிட்டது. முன்பு அதைச் சாட்டையாக வைத்திருந்தார், இப்போது கடிவாளமாக வைத்திருக்கிறார். எல்லைத் திறனில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் இருப்பதுதான் எளிய நாளின் விதி. 131-இல் முக்கால் பங்கு 98. வாரத்தில் நான்கு நாள் ஓட்டினால் மூன்று நாள்கள் 98-ஐத் தாண்டுவதில்லை. ஒரு நாள் மட்டும் நான்கு நான்கு நிமிடங்களாகச் சற்றுக் கடினமாக மிதித்து, இடையில் நன்றாக இளைப்பாறுகிறார். மிதிவண்டி எலும்புக்குப் போதிய பளு தருவதில்லை என்பதால், மற்ற நாள்களில் மனைவியோடு நடக்கிறார். மனைவியின் நடை வேகத்துக்கு அவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதும், அதுவும் ஒரு பயிற்சிதான் என்பதும் அவர் சொல்லிக் கேட்ட செய்தி.

எளிதாக ஓட்டுவது எளிதன்று என்பதை இதில் இறங்கியவர்களே அறிவார்கள். சென்ற ஞாயிறு கல்லணையிலிருந்து திரும்பும் வழியில் இளைஞர் குழு பின்னாலிருந்து வந்தது. சக்கரங்களின் இரைச்சல் நெருங்கியபோது பெரியவரின் கால்கள் தாமாகவே விரைந்தன. திரை 104 என்றது, 110 என்றது. “வாங்க சார், சேர்ந்து போகலாம்” என்று ஒருவர் அழைத்தார். பெரியவர் திரையைப் பார்த்தார். கால்களைத் தளர்த்தினார். “நீங்க போங்க தம்பி, நான் பின்னால வர்றேன்” என்றார். அவர்கள் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் 96 நின்றது. வாழைத்தோப்பில் யாரோ மடை திருப்பும் ஓசை கேட்டது. ஆறு ஆண்டுகளாக அந்த வழியே போய் வந்தும் அந்த ஓசையை அன்றுதான் கேட்டதாக வீட்டில் சொன்னார்.

வலி வந்தால் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. முழங்காலோ இடுப்போ நோகும்போது கோயில் படி ஏற வேண்டும், பேத்தி கல்யாணத்தில் ஓடியாட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கும். திறன்மானி எல்லோரிடமும் இருக்க முடியாது, இருக்க வேண்டியதுமில்லை. ஆனால் நேற்று இளைப்பின்றி ஏறிய படியில் இன்று ஏன் இளைக்கிறது என்று கேட்கும் எதிர்ப் பத்தி ஒவ்வோர் உடலிலும் இருக்கிறது. அதைப் படிக்கக் கண்ணாடியும் வேண்டாம்.

பெரியவரின் நோட்டில் இப்போது ஐந்தாவது பத்தி ஒன்று சேர்ந்திருக்கிறது. அதற்கு அவர் இட்ட தலைப்பு, ‘எப்படி இருந்தது?’ அதில் எண் எழுதுவதில்லை, ஒரு சொல் மட்டும் எழுதுகிறார். சில நாள் ‘களைப்பு’. சில நாள் ‘சுமார்’. மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முதலில் அந்தப் பத்தியைத்தான் பார்க்கிறார். இளைஞர்களை முன்னே போகவிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே ‘நன்று’ என்று எழுதியிருக்கிறது.